வறட்சியும் வாயில்லா ஜீவன்களும்

கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், எப்போதும்வென்றான் எனப் பரந்து கிடக்கும் கரிசல் சீமை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. அது பொய்த்துவிட்டால் கண்மாயும் ஊருணியும் வெடித்துக் கிடக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களென அறிவித்தது. அத்தகைய நாட்களில் மனிதன் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறான். மாடு எந்த வரிசையில் நிற்கும்?

கால்நடைக்குத் தண்ணீர் காட்டுவதைப் புண்ணியம் என்று மட்டுமே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மார்க்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவன் மீது வாஜிபு, கடமை. கொடுக்க மறுப்பவனை, தீனி கொடு, அல்லது விற்றுவிடு, உண்ண ஆகுமான பிராணியாயின் அறுத்துவிடு என்று காஜி கட்டாயப்படுத்த வேண்டுமென்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபி மத்ஹபில் காஜியின் கட்டாயம் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. அல்லாஹ்விடம் அவன் குற்றவாளி என்பதில் வேற்றுமையே இல்லை. பூனையைக் கட்டிவைத்து, தீனியும் கொடுக்காமல், தானே இரைதேட விடவும் செய்யாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரகம் புகுந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கோடையில் தும்பை அவிழ்த்துவிட்டு, "எங்கேயாவது மேய்ந்து பிழைத்துக்கொள்ளட்டும்" என்பவர்கள், மேய அங்கே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

கையிலிருக்கும் நீர் ஒளுவுக்கு மட்டுமே போதும். பக்கத்தில் ஒரு பிராணி தாகத்தால் துடிக்கிறது. என்ன செய்வது? நீரைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழவேண்டும். இரு மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்களும் தயம்மும் ஆகுமாகும் காரணங்களில் பிராணியின் தாகத்தையும் சேர்த்திருக்கின்றன. ஹனபி நூல்கள் நாயையும் குறிப்பிட்டே சொல்கின்றன. தொழுகையின் ஷர்த்தே ஒரு நாயின் தாகத்துக்காக மாற்று வழிக்குத் திரும்புகிறதென்றால், அந்தத் தாகத்தின் மதிப்பை நாமே கணித்துக்கொள்ளலாம்.

இனி, கைவிடப்பட்ட பிராணியைக் காப்பாற்றியவரின் நிலை. தீனி போட முடியாமல் உடையவன் விட்டுவிட்ட மாட்டை ஒருவர் தேற்றி எடுத்தால் அது யாருக்குச் சொந்தம்? தேற்றியவருக்கே என்று அபூதாவூதில் ஒரு ஹதீது இருக்கிறது. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் அதைக்கொண்டு தீர்ப்பளித்தார்கள். ஷாபிஈ மத்ஹபிலோ பழைய உடைமை நீங்காது. அனுமதியின்றிச் செய்த தீனிச் செலவையும் திரும்பக் கேட்க இயலாது. ஆகவே உடையவர் யாரென்று தெரிந்தால், "எடுத்துக்கொள்" என்ற வார்த்தையைச் சாட்சியோடு வாங்கிக்கொள்வதே பின்னால் வழக்கு வராமலிருக்க வழி.

காப்பாற்றுவதும் ஒருநாள் வேலையன்று. கோடையில் ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும்; ஆட்டுக்கு 4, 5 லிட்டர். இதை அன்றன்றைய இரக்கத்தை நம்பி விடமுடியாது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் சோளத்தட்டை, கம்பந்தட்டை, உளுந்தம் பொட்டு ஆகியவற்றை விற்றுத் தீர்க்காமல், ஊர்ப் பொதுவில் ஒரு படப்பாவது போட்டு வைக்கலாம். கருவேல நெற்றுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் ஆடுகளுக்கு உதவும். ஒன்றை மறக்கக் கூடாது: மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் நஞ்சு ஏறியிருக்கும். பசித்த மாட்டை அதில் விட்டால் சில நிமிடங்களில் விழுந்துவிடும்.

தொட்டி கட்டுவோர் ஒரு பக்கம் சரிவோ, படியாக ஒரு கல்லோ வைக்கட்டும். அணிலும் குருவியும் விழுந்தால் ஏறிவரும். கிணறு வைத்திருப்பவர், தம் தேவைக்குப் போக மிஞ்சிய நீரைப் பிறர் கால்நடைக்குத் தடுப்பது ஹதீதில் விலக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் போட்டுக் கரண்டுச் செலவு செய்பவர் அச்செலவைக் கேட்பது வேறு. தண்ணீரையே மறிப்பது வேறு.

காட்டு விலங்குகளும் இக்கணக்கில் அடங்கும். இதே மாவட்டத்தில் வல்லநாட்டில் வெளிமான்களுக்கென 1987-இல் சரணாலயம் அமைந்தது. வறட்சியில் மான்கள் நீர் தேடி ஊருக்குள் வருவதும், திறந்த கிணற்றில் விழுவதும், நாய்கள் துரத்துவதும் நாமறிந்தவையே. அப்போது செய்யவேண்டியது நாய்களை விலக்கி வனத்துறைக்குச் சொல்லுவது. பிடித்து வளர்ப்பதும் அறுப்பதும் சட்டப்படி குற்றம். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் என்றே ஒரு படலம் பாடி வைத்தார். அதைப் பாடிய புலவரின் சீமையில் மான் தாகத்தால் கிணற்றில் விழுவது நமக்கு அழகன்று.

பள்ளிவாசல் முத்தவல்லிகளுக்கு ஒரு வார்த்தை. ஒளுவுக்கென வக்ஃபு செய்யப்பட்ட நீரை வேறு காரியத்துக்குத் திருப்ப நாஜிருக்கு உரிமையில்லை. ஆனால் ஒளுச் செய்து வடியும் நீர் சாக்கடைக்குத்தான் போகிறது. மீண்டும் ஒளுச் செய்ய அது உதவாதே தவிர, சுத்தமான நீர்தான். சோப்பு கலக்காத அந்த வடிகாலைப் பள்ளியின் காலியிடத்தில் திருப்பி இரண்டு வரிசை அகத்தி வைத்தால், கோடை முழுதும் பத்து ஆடுகளுக்காவது தினம் ஒரு கைப்பிடி பசுந்தழை கிடைக்கும். நட்ட மரத்தில் பறவையும் மிருகமும் தின்பது நட்டவருக்கு ஸதகாவாக எழுதப்படுகிறது என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாக்கே. அகத்தி விதைக்க ஐப்பசி மழைக்கு முன்னரே பாத்தி எடுத்து வைக்கவேண்டும்.