பாதியில் நின்ற ஷட்டர்

கேள்வி: மின்சார பிக்கப் வண்டியின் மூடி சிக்குவதுபோலக் கடையின் மோட்டார் ஷட்டரும் பாதியில் நின்றால் என்ன செய்வது? – வாசகர், காரைக்குடி

பதில்: 2023 நவம்பரில் அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்படைக்கப்பட்ட டெஸ்லா சைபர்டிரக்கின் பின்மூடியும் காரைக்குடிக் கடையின் ஷட்டரும் ஒரே இனத்தவை, இரண்டிலும் பட்டைகள் கோத்த திரை, காடி எனப்படும் பக்கப் பள்ளங்களில் வழுக்கி உள்ளே ஒடுங்குகிறது. ஆகவே சிக்கல் பெரும்பாலும் மோட்டாரில் அன்று, காடியில்தான் தொடங்குகிறது: சிவகங்கைச் சீமையின் செம்மண் புழுதி கிரீஸில் ஒட்டிக் களிம்பாக இறுக, ஒரு பட்டை சற்றே கோணினாலும் திரை ஒருபக்கம் சாய்ந்து நின்றுவிடும்.

அப்போது பொத்தானை மேன்மேலும் அழுத்துவது பெருந்தவறு. ஏனெனில் சூடேறிய மோட்டாருக்குள் இருக்கும் வெப்பக் காப்பு, அதாவது மிகைச் சூட்டில் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் அமைப்பு, ஆறும்வரை அதை அசையவிடாது. (மோட்டார் எரிந்துவிட்டதென்று அவசரப்பட்டுப் புதியது வாங்குவோரும் உண்டு.)

மெயின் சுவிட்சை அணைத்து, ஏறத்தாழ அரைமணி ஆறவிட்டு, கைச்சங்கிலியை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். திரை இலகுவாக ஏறினால் குறை மின்பக்கம்: மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்கு மிகக் கீழே இறங்கியிருக்கலாம், அல்லது மேல், கீழ் எல்லைகளை மோட்டாருக்கு உணர்த்தும் லிமிட் சுவிட்ச் இடம் பெயர்ந்திருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் கனத்தால், அங்கே காடியைத் துடைத்து, கிரீஸுக்குப் பதிலாகச் சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பது போதும். கோணிய பட்டையை மாற்றுவதும் உருளையின் சுருள்வில்லைத் தொடுவதும் ஷட்டர் மெக்கானிக்கின் வேலை. இறுக்கத்திலிருக்கும் அந்த வில் கழன்றால் கையை முறித்துவிடும்.