விமானத்தில் சைக்கிள் ஏற்றப் போகிறீர்களா?

தனிப் பெட்டி வாங்கிச் செலவழிக்காதீர்கள். புது சைக்கிள் வந்திறங்கும் அட்டைப்பெட்டி கடைகளில் சும்மாதான் கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

பலரும் மல்லுக்கட்டுவது பெடலோடுதான். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்ப வேண்டும். குழப்பமா? 15 மி.மீ. ஸ்பேனரின் பிடியை மேல்நோக்கி நிறுத்தி, பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலுக்கும் இதே கணக்குதான். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே ஒருமுறை கழற்றி, கிரீஸ் தடவி மாட்டி வைத்தால் ஊர் போய்த் திண்டாட வேண்டாம்.

சீட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துவிட்டு உருவுங்கள். முன்சக்கரம் கழற்றிய ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு இடையில் மடித்த அட்டையைச் செருகுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் லிவர் அழுந்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பின் டெரெய்லரைக் கழற்றித் துணி சுற்றிச் சட்டத்துக்குள்ளேயே கட்டிவிடுங்கள். அடிபட்டால் முதலில் வளைவது அதன் கொக்கிதான்.

டயரில் பாதிக் காற்று இருந்தால் ரிம்முக்கு நல்லது. சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு, வெடித்துவிடாது. கவுன்ட்டரில் வற்புறுத்தினால் இறக்கிவிடுங்கள். அங்கே இயற்பியல் பாடம் எடுபடாது.

ஸ்பேனர்கள் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போகட்டும். 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட மின்சைக்கிள் பேட்டரியைப் பயணி கொண்டுபோகவே முடியாது.