கார்டு வாங்கும் முன்

டாண்டெனாங், மெல்பர்ன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். முதல் முறை ரயிலில், பாதி காதில் விழவில்லை. வார இறுதி ஷிப்ட் போய்ச் சேர்த்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிடலாம், அதன் பிறகு வி.ஆர். ஆட்டமெல்லாம் திக்காமல் ஓடும் என்கிறாய். ஆஸ்திரேலியாவில் அந்தக் கார்டு அறிமுகமானபோது சொன்ன தொடக்க விலையே 4,039 டாலர். உன் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கம்ப்யூட்டரில் சாமான் மாற்றினால் வி.ஆர். நன்றாகுமா என்று கேட்டாய். ஆகும். ஆனால் ஜனவரியில் டூங்காபியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் அறையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தேனே, அங்கே சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது. கார்டு அதில் ஒன்றுக்குத்தான் மருந்து.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள் காட்டுகிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் சுமார் 91 லட்சம். ஹாலில் இருக்கும் 4கே டிவியிலேயே 83 லட்சம்தான். லென்ஸ் படத்தை வளைப்பதைச் சரிக்கட்ட இதைவிடவும் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்குகிறார்கள். விநாடிக்கு 90 முறை இது நடக்க வேண்டும். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லி விநாடி, அவ்வளவுதான்.

இந்த 11 என்ற எண்ணை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள். டூங்காபி ஸ்டேஷனில் அரை நிமிடம் தாமதமாக ஓடி வந்தாலும் வண்டி போய்விடும், அடுத்த வண்டிக்குத்தான் நிற்க வேண்டும். படமும் அப்படித்தான். 12 மில்லி விநாடியில் முடிந்தால் அது அந்த வண்டியைத் தவறவிட்டுவிடும். ஹெட்செட் பழைய படத்தையே கொஞ்சம் திருப்பிக் காட்டி ஒப்பேற்றும், நீ தலையைத் திருப்பும்போது உலகம் ஒரு துள்ளு துள்ளும். 12ஐ 10ஆகக் குறைத்தால் உனக்கு வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். 10ஐ 5ஆகக் குறைத்தால், ரெசல்யூஷனைக் கூட்டாதவரை, ஒன்றும் தெரியாது. வண்டி புறப்படும் நேரம் மாறப்போவதில்லை, நீ பிளாட்பாரத்தில் சும்மா நிற்பாய். சாதா மானிட்டரில் ஆடுபவனுக்குக் கார்டு பெரிதாகப் பெரிதாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் நன்றாகிக்கொண்டே வரும். வி.ஆரில் அது படிக்கட்டு மாதிரி. எந்தப் படியில் நிற்கிறாய் என்று தெரியாமல் பணம் போடக் கூடாது.

சென்னை ரிச்சி தெருவில் நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்த காலத்தில் வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "ராம் போட்டா சரியாயிடுமாண்ணே?" நாங்களும் போட்டுக் கொடுப்போம். உள்ளே ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கும். அந்தப் பாவமோ என்னவோ, இங்கே வந்தபின் 2017இல் நானும் அதே தப்பைச் செய்தேன். ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு வாங்கி, ஆறு வருடப் பழைய பிராசஸர் இருந்த கேபினெட்டில் சொருகினேன். ஆட்டம் முன்பு எப்படித் திக்கியதோ அப்படியே திக்கியது. கல்யாண வீட்டில் காய் நறுக்கிக் கொடுக்க ஆள் இல்லாதபோது இன்னும் இரண்டு கோட்டை அடுப்பு வெட்டி என்ன பயன்? எதை எங்கே வரைய வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் பிராசஸர் நறுக்கிக் கொடுத்தால்தான் கார்டு சமைக்கும்.

ஆகவே இன்று ராத்திரி பைசா செலவில்லாமல் ஒரு சோதனை செய். ஸ்டீம்விஆர் செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய் ரெண்டர் ரெசல்யூஷனை 50 சதவீதத்துக்கு இறக்கு. படம் மங்கும், பரவாயில்லை. திக்கல் நின்றுவிட்டால் குற்றவாளி கார்டு. அப்போதும் திக்கினால் பிராசஸர் பக்கம் பார். ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைமிங் கிராஃபும் ஸ்டீம்விஆரிலேயே இருக்கிறது. அந்தக் கோடு சீராக இருந்து, படம் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறினால் கம்ப்யூட்டரின் மேல் பழி போடாதே. அது வைஃபை.

உன் ஆட்டங்களையே எடுத்துக்கொள். பீட் சேபரை நீ ஹெட்செட்டிலேயே ஆடுகிறாய், கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கிறது. அதற்கு எந்தக் கார்டு வாங்கினாலும் ஒன்றுதான். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் 2020இல் வந்தது, குறைந்தபட்சம் கேட்டதே 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060தான். உன்னிடம் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 அதற்குத் தாராளம். மிச்சம் இருப்பது ஃப்ளைட் சிமுலேட்டர். நீ ஹார்பர் பிரிட்ஜுக்கு மேலே தாழ்வாகப் பறந்து காட்டினாய், நகரக் கட்டடங்கள் நெருங்க நெருங்க விமானம் மாட்டு வண்டி மாதிரி குலுங்கியது. அப்போது ரெசல்யூஷனை இறக்கிப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? குலுக்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கார்டும் திணறுகிறது, உன் ரைசன் 5 3600ம் திணறுகிறது. அந்தப் பிராசஸருக்குப் பக்கத்தில் 5090ஐ வைப்பது என் 2017 கதையைத் திரும்ப எழுதுவதுதான். உன் மதர்போர்டை மாற்றாமல், பயாஸை மட்டும் அப்டேட் செய்து, 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி போடலாம். இரண்டிலும் 96 எம்பி எல்3 கேஷ் உண்டு, இந்த மாதிரி சிமுலேட்டர்களுக்கு அது கைகொடுக்கும். செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் விடாதே.

அதற்கும் முன்னால் வைஃபை. ரவுட்டர் ஹாலில், உன் அறை மூன்று சுவர் தாண்டி. கம்பி இல்லாமல் ஆடும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் வீடியோவாகச் சுருக்கிக் காற்றில் அனுப்புகிறது, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. அம்மா மைக்ரோவேவ் போட்டதால் திக்குகிறது என்றாயே, 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிற வைஃபைக்கு அந்தப் பாவம் ஒன்றும் செய்யவில்லை. செங்கல் சுவர்தான் காரணம். என்பிஎன் இணையப் பிளானை உயர்த்துவதாகவும் சொன்னாய். உயர்த்தாதே. இந்தப் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. சிமுலேட்டர் தரைக்காட்சியை நெட்டிலிருந்து இறக்குவதற்கு இப்போதுள்ள பிளானே போதும். உன் அறையிலேயே ஒரு சின்ன வைஃபை 6இ ரவுட்டரை வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஈதர்நெட் கேபிள் போடு. இங்கே அலைவரிசைகளைக் கவனிக்கும் ஏசிஎம்ஏ 2022 மார்ச்சில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையான 6இ பாதையை வைஃபைக்குத் திறந்துவிட்டது. குவெஸ்ட் 3 அதைப் பிடிக்கும். பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் அந்தப் பாதையில் இன்னும் குறைவு.

பெரிய கம்ப்யூட்டர் மட்டுமே தீர்வில்லை என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. 2015 ஆகஸ்டில் நார்த் மெல்பர்னில் ஜீரோ லேட்டன்சி என்ற இடத்தைத் திறந்தார்கள். 400 சதுர மீட்டர் கிடங்கு, ஒரே நேரத்தில் ஆறு பேர் உள்ளே நடந்து திரிந்து ஜோம்பிகளைச் சுடலாம். நீ அப்போது சின்னப் பையன், உன்னை அழைத்துப் போகவில்லை. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பை, பைக்குள் ஏலியன்வேர் கம்ப்யூட்டரும் பேட்டரியும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க மேலே 129 பிளேஸ்டேஷன் கேமராக்கள். ஆட்டம் முடிந்து பையைக் கழற்றியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது. பின்னாளில் அவர்கள் ஹெச்டிசியின் வைவ் ஃபோகஸ் 3 ஹெட்செட்டுக்கு மாறி, முதுகுப் பையையே எடுத்துவிட்டார்கள். ஆடுகிறவர் முதுகிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கியதுதான் அங்கே நான் கண்ட பெரிய அப்கிரேடு.

இன்னொன்று, 5090 இழுப்பது 575 வாட். உன் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மொத்தமே 550. ஆக எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும், கேபினெட்டும் போதாமல் போகலாம். அந்த வாட் எல்லாம் கடைசியில் வெப்பமாக உன் அறைக்குள்தான் இறங்கும். உங்கள் பக்கத்துப் பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி அடித்தது. அப்படிப்பட்ட ஊரில், மூடிய அறையில், முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்காரப்போகிறவன் நீ.

தலைசுற்றலைப் பற்றிக் கடைசியில் கேட்டாய். படம் துள்ளுவதால் வருகிற சுற்றல் நல்ல கம்ப்யூட்டரால் குறையும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு விமானத்தைச் சாய்க்கிறாய், கண் சாய்ந்தது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சாயவில்லை என்கிறது. இந்தச் சண்டையை எந்தக் கார்டும் தீர்க்காது. லேசாகக் குமட்டியதும் கழற்றிவிடு, பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதே. பத்துப் பத்து நிமிடமாகப் பழகு. லென்ஸ்களின் இடைவெளியை உன் கண்களுக்கு ஏற்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய், ஜனவரியில் அது யாரோ வைத்த இடத்திலேயே இருந்தது.

என் தீர்ப்பு இது: முதலில் ரவுட்டரும் கேபிளும், பிறகு பிராசஸர். ஒரு மாதம் ஆடிப் பார். அப்போதும் கிராஃபில் கார்டின் கோடு 11ஐத் தாண்டினால் 5070 மாதிரி நடுத்தரமாக ஒன்று வாங்கு, அதன் அறிமுக விலை 1,109 டாலர். பில்லைப் பத்திரமாக வை. பழுதானால் இந்த நாட்டு நுகர்வோர் சட்டப்படி ரிப்பேரோ மாற்றோ பணமோ கேட்கலாம். 5090ஐ மறந்துவிடு.

இன்று ராத்திரி 50 சதவீதத்தில் ஹார்பர் பிரிட்ஜ் மேலே ஒரு சுற்றுப் பறந்து, கிராஃபைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துச் சொல்லும் வரை எதற்கும் பணம் கட்டாதே. ஹாலின் நடுவே கிடக்கும் நீலக் கேபிளைச் சுவரோரமாக இழுத்து ஒட்டிவிடு, அம்மா இரண்டு முறை தடுக்கியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா