நகச்சொத்தைக்கு மருந்துண்ணுமுன்

தோல் நோய்ப் பரிசோதனைச் சாலையொன்றில் நகத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டு பல வருஷங்களைக் கழித்தவன் என்ற முறையில், நகச்சொத்தை என்று மனம் நொந்து வருகிறவர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது, நகம் தடித்து மஞ்சளித்து நுனியில் பொடிப்பொடியாக உதிர்கிறது என்ற ஒரே காரணத்தினால் அதைக் காளான் வியாதியென்று தீர்மானித்து மருந்துண்ணத் தொடங்கிவிடலாகாது என்பதைத்தான். உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழப் பாதிக்கே காளான் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். எஞ்சியவற்றில் சோரியாசிஸ் இருக்கும், லைக்கன் பிளேனஸ் இருக்கும், இறுகிய பாதரட்சை நாள்தோறும் இடித்து உண்டாக்கிய சேதமும் இருக்கும். கால் நகத்துக்கு டெர்பினாஃபின் மாத்திரையைச் சாதாரணமாகப் 12 வாரம் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. அபூர்வமாகவேனும் ஈரலைப் பாதிக்கக்கூடிய அந்த மருந்தை, இல்லாத காளானுக்காக ஒருவர் விழுங்குவதைக் காண எனக்கு எப்போதும் வருத்தமே உண்டாகிறது.

பரிசோதனைக்கு நகநுனியைக் கத்தரித்துக் கொணர்ந்தால் போதுமென்று பலர் எண்ணுகிறார்கள். நுனியில் இருப்பது பெரும்பாலும் செத்த காளானே. நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற எல்லையில், நகத்தின் அடிப்புறத்தில்தான் அது உயிரோடு வளர்கிறது. ஆகவே உதிர்ந்த பொடியை நீக்கி, அந்த எல்லைவரை சென்று சுரண்டி எடுத்த துணுக்கே நம்பத் தகுந்தது. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு திராவகத்தில் இட்டால், தோல் செதிலைவிட நெடுநேரம் பிடித்தே நகம் இளகும். அவசரப்பட்டுப் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பொறுத்திருந்தால், வேலியில் படர்ந்த கொடிபோல் கிளைவிட்ட மெல்லிய இழைகள் பிரத்தியட்சமாகும். எந்தக் காளான் என்று அறியச் செய்யும் வளர்ப்புச் சோதனைக்கு 4 வாரம்வரை ஆகலாம். மிகுதியாக அகப்படுவது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற இனம். களிம்பு தடவுகிறவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சில வாரம் முன்பே அதை நிறுத்திவிட்டு வருதல் நலம். ஒருமுறை இல்லையென்று வந்த முடிவை இறுதியென்றும் கொள்ளலாகாது. சந்தேகம் வலுவாயிருந்தால் மறுபடியும் சுரண்டிப் பார்க்கவேண்டும்.

அதன் பிறகு வேண்டுவது பொறுமை. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் என்பவர், 1941 முதல் 35 ஆண்டுக்காலம், தம் கட்டைவிரல் நகத்தில் தோல் விளிம்பருகே மாதந்தோறும் ஒரு கோடு அராவி, அது நுனிக்கு நகரும் வேகத்தை அளந்துவந்தார். அவருடைய 32-ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67-ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. தம் சரீரத்தையே சாதனமாக்கிக்கொண்டு இவ்வளவு சிரத்தையோடு நடத்திய ஆராய்ச்சி வைத்தியத்தில் வெகு சில. கால் நகமோ இன்னும் மந்தமானது. முழுதும் மாறுவதற்கு 12 முதல் 18 மாதம் ஆகும். காளான் மாண்டாலும் கெட்டுப்போன நகம் சீராவதில்லை, புது நகம் முளைத்து வந்து அதை வெளியே தள்ளவேண்டும். ஆதலால், மூன்றாம் மாதத்தில் மருந்து பலிக்கவில்லையென்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை, நல்ல நகம் முடியும் இடத்தில் மேலோட்டமாக ஒரு கோடு அராவிக்கொள்ளுங்கள் என்பது. கோடு நுனியை நோக்கி நகர, அதற்குப் பின்னால் தெளிந்த நகமே வருமாயின், மருந்து வேலைசெய்கிறதென்று நிம்மதி கொள்ளலாம்.

 

பொறுமை கூடாத சந்தர்ப்பமும் உண்டு. கருநிற மேனியருக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இயற்கையாகவே அமைவதுண்டு. ஆனால் வயது வந்த ஒருவருக்கு ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி, அகன்றுகொண்டே போய், சுற்றியுள்ள தோலிலும் கருமை பரவுமாயின், அது மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கக்கூடும். அங்கே என் சுரண்டல் கத்தியால் யாதொரு பயனுமில்லை. நகம் முளைக்கும் வேரிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டுமா என்று தீர்மானிக்கத் தோல் மருத்துவரிடம் தாமதமின்றிப் போய்விடவேண்டும்.