ஐ.டி. வேலை தேடுகிறீர்களா?

1. புதிதாகத் தேடுபவர்கள் ரெஸ்யூமை ஒரே பக்கத்தில் முடியுங்கள். தெரியாத மொழியைச் சேர்க்காதீர்கள். கேள்வி அதிலிருந்துதான் வரும்.

2. கல்லூரி புராஜெக்டை கிட்ஹப்பில் ஏற்றி, இயக்கும் முறையை நாலு வரி எழுதுங்கள். காசுக்கு வாங்கிய புராஜெக்ட் என்றால் வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

3. 'டெபாசிட்' கேட்டால் நகர்ந்துவிடுங்கள். முறையான கம்பெனி வேலைக்குப் பணம் வாங்காது.

4. மூன்று, நான்கு வருட அனுபவமா? முதலில் நோட்டீஸ் பீரியடைப் பாருங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகள் பலவற்றில் 90 நாள்; அவசரமாக ஆள் தேடும் ஹெச்.ஆர். அதைக் கேட்டதுமே போனை வைத்துவிடுவார். பணம் கட்டி முன்னதாகக் கிளம்ப வழி உண்டா என்று பழைய ஆஃபர் லெட்டரில் தேடுங்கள். புது ஆஃபர் எழுத்தில் வரும்வரை பேப்பர் போடாதீர்கள், வாய்ச்சொல்லை நம்பி நடுத்தெருவில் நிற்க வேண்டாம். பி.எஃப். கணக்கில் சேர்ந்த, விலகிய தேதிகளைச் சரிபாருங்கள். பின்னணி விசாரணையில் ரெஸ்யூமோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

5. பத்து வருடம் தாண்டியவர்கள் பழைய டீம் ஆட்களுக்குப் போன் போடுங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம். கோடிங்கையும் தினம் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள். மேனேஜர் பதவிக்கும் சில இடங்களில் கோடிங் ரவுண்ட் உண்டு.