மீன்களின் வலசையும் சமவாய்ப்புச் சமன்பாடும்

பங்காருபேட்டையை அடுத்த பேத்தமங்கலம் ஏரி, பாலாற்று நீரைத் தேக்கி, கோலார் தங்கவயலுக்கு நெடுங்காலம் நீர் வழங்கி வந்தது. இத்தகைய ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியும்போது, கெண்டையினச் சிறு மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏற முயல்வது கரையோர மக்கள் அறிந்த காட்சியாகும். குறிப்பிட்ட ஒரு மீன் எப்பொழுது ஏறும் என்று எவராலும் கூறவியலாது. எனினும் ஆயிரம் மீன்களுள் எத்துணைப் பங்கு, எத்தனை நாட்களில் ஏறும் என்பதைக் கணிக்க வழியுண்டு.

அவ்வழியே சமவாய்ப்பு வகைக்கெழுச் சமன்பாடு. இதன் கணித அடிப்படையை 1940-களில் அமைத்தவர் ஜப்பானியரான கியோசி இதோ. சமன்பாட்டில் இரு கூறுகள் உள. மீனை இலக்கை நோக்கி ஈர்க்கும் சராசரி வேகம் ஒன்று; சுழல், கலங்கல் நீர், இரை தேடல் ஆகியவற்றால் நேரும் ஒழுங்கற்ற அலைவு மற்றொன்று. முதற்கூறு காலத்திற்கு நேர்விகிதத்தில் வளரும். இரண்டாவது, காலத்தின் வர்க்கமூலத்திற்கேற்பப் பரவும். சால்மன் மீன்களை ஆராய்ந்த சைலா, ஷாப்பி ஆகியோர், இலக்கு நோக்கிய சிறு சாய்வே அவை கரை திரும்பப் போதுமானது என்று 1963-இல் காட்டினர்.

இங்ஙனம் கொள்வோம்: கடலிலிருந்து 300 கி.மீ. தொலைவிலுள்ள முட்டையிடும் களத்தை நோக்கி மீன்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 10 கி.மீ. ஏறுகின்றன, ஒரு நாளைய அலைவின் திட்டவிலக்கம் 20 கி.மீ. அலைவைப் புறக்கணித்தால் அனைத்தும் 30-ஆம் நாளில் வந்து சேர வேண்டும். சமன்பாடோ சராசரி 30 நாள், திட்டவிலக்கம் ஏறத்தாழ 11 நாள் என்கிறது. பிந்தி வருவனவற்றின் வால் நீண்டது. ஆதலின் மீன்பிடித் தடையைச் சராசரி நாளுக்கு இருபுறமும் சமமாக வகுப்பது தவறாகும். பின்புறமே மிகுதியாக நீள வேண்டும்.

நீரோட்டம் குறைந்து வேகம் 5 கி.மீ. ஆனால், சராசரி 60 நாளாகும். திட்டவிலக்கம் 31 நாளாக, ஏறக்குறைய மும்மடங்காக, விரியும். முட்டையிடும் பருவமோ அதற்கெனக் காத்திராது. 1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றபின் காவிரி, கொள்ளிடத்தில் உல்லம் மீன்வளம் சரிந்ததை இந்நோக்கில் காண்பது பொருத்தம்: உல்லத்தை ஆற்றுக்குள் அழைப்பது வெள்ளமே, அணை அவ்வழைப்பைத் தணித்தது. 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணையின் நிலை வேறு. முன்பு அலகாபாத்துக்கும் அப்பால் சென்ற உல்லத்திற்கு அது சிறு திறப்புகளே உள்ள சுவராயிற்று. அங்கே, திறப்பைக் கண்டடையுமுன் மீனின் வலிமை தீர்ந்துவிடுமா என்பதே வினா.

இவ்விரு எண்களும் களத்திலிருந்தே வர வேண்டும். பெரிய ஆறுகளில் குறியிட்ட மீன்களை மீண்டும் பிடித்து இவற்றை மதிப்பிடுகின்றனர். பேத்தமங்கலம் போன்ற ஏரியில் அத்துணைச் செலவு தேவையில்லை. புதுவெள்ள நாட்களில் கலங்கலருகே ஒருவர் அமர்ந்து, மணிக்கு எத்தனை மீன் ஏறுகின்றன என்றெண்ணி, நீர்மட்டத்தோடு சேர்த்துக் குறித்துவரலாம்.