ஸ்னோபோர்டு வாங்குமுன்: பெயர் சொல்லாத சேதிகள்

நம்பிக்கை: பெரிய பிராண்டு என்றால் சொந்த ஆலையில் செய்திருப்பார்கள், அதனால் நெடுநாள் உழைக்கும்.

ஸ்னோபோர்டு வாங்கப் புறப்படுகிறவர்களிடம் மிக ஆழமாக வேரூன்றிய எண்ணம் இதுதான். பலகையின் மேல் அச்சிட்ட பெயரும் அதை அழுத்தி உருவாக்கிய ஆலையும் ஒருவருடையதாகவே இருக்கும் என்று உறுதியில்லை. ஜேக் பர்டன் கார்ப்பென்டர் 1977-இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய பர்டன் நிறுவனம், அங்கிருந்த பலகை ஆலையை மூடித் தயாரிப்பை ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோவதாக 2010-இல் அறிவித்தது. மலைச்சரிவு வீரர் ஜெரமி ஜோன்ஸின் பெயர் தாங்கிய பலகைகள் பனியே பெய்யாத துபாயில் உருவாகின்றன. அதே ஆலை வேறு பிராண்டுகளுக்கும் செய்து கொடுக்கிறது. மாறாக, லிப் டெக், க்நூ ஆகிய பெயர்களை உடைய மெர்வின் நிறுவனம் வாஷிங்டன் மாநிலத்தில் தன் சொந்த ஆலையிலேயே செய்கிறது. கேபிட்டாவுக்கு ஆஸ்திரியாவின் தென்பகுதியில் சொந்த ஆலை உண்டு.

இதை வைத்து துபாய் மட்டம், ஆஸ்திரியா உயர்வு என்று முடிவுகட்டுவதும் தவறு. விலை குறைந்த பலகையும் விலை கூடிய பலகையும் ஒரே கூரையின் கீழ், வேறு வேறு மரத்தோடும் வேறு வேறு அடித்தகட்டோடும் தயாராகலாம். ஆகவே கேள்வியை பிராண்டிடம் கேட்டுப் பயனில்லை, குறிப்பிட்ட மாடலிடம் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் மரம் பாப்லரா, எடை குறைந்த பவுலோனியாவா? காலும் விளிம்பும் அடிவாங்கும் இடங்களில் பீச் போன்ற கடினமரம் பதித்திருக்கிறார்களா? எஃகு விளிம்பு பலகையைச் சுற்றிலும் ஓடுகிறதா, பக்கங்களோடு நின்றுவிடுகிறதா? நல்ல நிறுவனங்கள் இவற்றைத் தங்கள் விவரக் குறிப்பிலேயே எழுதிவைக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் ஓவியத்தைப் பார்த்த நேரத்தில் பாதிகூட இதைப் படிக்கச் செலவிடுவதில்லை என்பதுதான் வருத்தம்.

நம்பிக்கை: அடித்தகடு சின்டர்டு வகை என்றால் பலகைக்கு ஆயுள் கெட்டி.

அடித்தகடு பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கால் ஆனது. அதை உருக்கித் தகடாக இழுத்தால் எக்ஸ்ட்ரூடட் வகை. தூளாகவே சூடேற்றி, அழுத்திக் கட்டியாக்கி, பிறகு தகடாகச் சீவினால் சின்டர்டு வகை. சின்டர்டு தகட்டில் நுண்துளைகள் இருப்பதால் மெழுகை நன்றாக உள்வாங்கும். மெழுகு ஏறிய பலகை வேகமாக வழுக்கும், உரசலையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கும். ஆனால் மெழுகு போடாமல் விட்டால் தகடு வறண்டு வெளுத்து, கூடுதல் விலை கொடுத்த வேகம் காணாமல் போய்விடும். குளிர்காலத்தில் நாலைந்து நாள் மட்டும் மலைக்குப் போகிறவருக்கு, எளிதில் பழுதுபார்க்கக்கூடிய எக்ஸ்ட்ரூடட் தகடு பல நேரங்களில் நல்ல தேர்வு. பனிக்கடியில் மறைந்திருக்கும் கூர்மையான கல் இரண்டையுமே கிழிக்கும்.

நம்பிக்கை: விறைப்பான பலகைதான் தரமான பலகை.

விறைப்பு என்பது பயன்பாட்டைச் சொல்வது. செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்குகிறவருக்கு விறைப்பு தேவை; கற்றுக்கொள்கிறவரை அதே பலகை நாள் முழுக்க அலைக்கழிக்கும். அதோடு, ஒன்று முதல் பத்து வரை போடப்படும் வளைவு எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆறு இன்னொன்றின் எட்டாக இருக்கலாம். விறைப்போடு பலகையின் வடிவமும் ஓட்டத்தை மாற்றும். 1996 முதல் விற்பனையில் இருக்கும் பர்டனின் கஸ்டம் மாடலையே எடுத்துக்கொள்வோம். நடுவில் மேலெழும்பும் கேம்பர் வடிவிலும் அது வருகிறது, கேம்பரும் அதற்கு எதிராக வளையும் ராக்கரும் கலந்த ஃப்ளையிங் வி வடிவிலும் வருகிறது. முன்னது உறைந்த தரையில் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும். பின்னது திருப்பத்தில் தவறைக் கொஞ்சம் மன்னிக்கும். பெயர் ஒன்றுதான், ஓட்டம் வேறு.

"இந்தப் பிராண்டு சரியாகத் திரும்பவே இல்லை" என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் அகலம். பூட்ஸ் பெரிதாகவும் பலகை குறுகலாகவும் இருந்தால் திருப்பத்தில் விரல்முனை பனியில் உரசும். எவ்வளவு உயர்ந்த பலகையும் அங்கே தோற்றுவிடும். அதேபோல் நிறுவனம் குறிப்பிடும் உடல் எடை வரம்பை மீறினால், விறைப்பான பலகைகூடத் தொளதொளக்கும்.

நம்பிக்கை: உத்தரவாதக் காலம் நீண்டிருந்தால் பலகை உறுதியானது.

உத்தரவாதம் தயாரிப்புக் குறையை மட்டுமே ஏற்கிறது. அடுக்குகள் தானாகப் பிரிந்தால் மாற்றித் தருவார்கள். கல்லில் மோதி விளிம்பு நெளிந்தால் செலவு வாங்கியவருடையது. புகழ்பெற்ற வீரர் ஓட்டுகிறார் என்பதும் சாட்சியாகாது, ஏனென்றால் அவருக்குப் புதுப்புதுப் பலகைகள் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனம் ஓட்டத்தைச் சொல்லலாம். உழைப்பைச் சொல்லவே முடியாது.

உழைப்பைச் சொல்வது பழைய பலகைதான். குளிர்காலம் தொடங்குமுன் வட அமெரிக்க ஊர்களில் நடக்கும் பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தைகளில், வாங்க நினைக்கும் மாடலின் மூன்று நான்கு வருடப் பிரதியைத் தேடிப் பிடிக்கலாம். பக்கச்சுவரும் எஃகு விளிம்பும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா, நுனியில் மேல்தகடு பிரிகிறதா, கேம்பர் பலகையைச் சமதரையில் வைத்தால் நடுவில் இன்னும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் எந்த மாடல் அடிக்கடி வருகிறது என்று கேட்டால், விளம்பரத்தில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

புதுப் பலகைக்கும் சோதனை உண்டு. அடித்தகட்டின் குறுக்கே எஃகு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால், தகடு குழிந்திருப்பதோ புடைத்திருப்பதோ உடனே தெரியும். திருகு ஏறும் துளைகள் ஒவ்வொன்றிலும் திருகை முடுக்கிப் பார்ப்பதும் நல்லது. ஓட்டம் பிடிக்கிறதா என்பதற்கு மலையடிவாரக் கடையில் அதே மாடலை அதே நீளத்தில் ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே வழி. அந்த வாடகையை வாங்கும் விலையில் கழித்துத் தருகிற கடைகளும் உண்டு என்பதால் பணம் கட்டுமுன்பே கேட்டுவைக்கலாம்.